கறிவேப்பிலைத் தொட்டியும் எதிர்வீட்டுக் கோமளாவும்

இருபது ஆண்டுகளாகத் தொடர்கதை எழுதுகிறேன். என் கதாநாயகி அழாத வாரம் இல்லை. ஆனால் வடக்கே, நாங்கள் குடியிருக்கும் மயூர் விஹாரில் எங்கள் எதிர்வீட்டுக் கோமளாவை வைத்து ஓர் அத்தியாயம்கூடத் தேறாது. மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் வேலை. காலையில் மெட்ரோ, மாலையில் மெட்ரோ, நடுவில் சளியும் சீழும். கண்ணீரைக் கண்டால் எந்தக் குப்பியில் பிடிப்பது என்றுதான் யோசிப்பாள்.

என் கணவர் ஏகாம்பரத்துக்கு அவர் தங்கை சிறுநீரகம் கொடுத்து எட்டு மாதம். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் அடக்கி வைத்திருந்தார்கள். திடீரென்று காய்ச்சல், இருமல். காசநோய் மருந்து ஒரு மாதம் கொடுத்தும் இறங்கவில்லை. இப்படியே போனால் சிறுநீரகத்தோடு ஆளும் போய்விடுவார் என்ற நிலை.

"மண், தூசி, பறவை... ஏதாவது பழக்கம் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். நான் நாத்தனாரின் தியாகத்தில் தொடங்கி நாற்பது நிமிடம் பேசினேன். நர்ஸ் அழுதே விட்டாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

சளி கோமளாவின் கைக்கு வந்தது. இரண்டு மூன்று நாளில் ஒன்றும் முளைக்காவிட்டால் கிருமி வளர்க்கும் தட்டைக் கழித்துவிடுவது அங்கே வழக்கம். மாற்று உறுப்புக்காரர் என்று சீட்டில் இருந்தால் இவள் கழிக்கமாட்டாள். ஒரு மூலையில் பத்திரப்படுத்தித் திட்டு வாங்குவாள். ஆறாம் நாள், திருநீறு தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். மூடியைத் திறந்ததும் மழை நனைத்த மண்ணின் வாசனை.

டாக்டரிடம் சொல்லிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அண்ணா மண்ணுல கை வச்சாரா?"

"அவர் பட்ட பாடு இருக்கே கோமளா..."

"அக்கா, ஜல்தி! ஆமாவா, இல்லையா?"

"பால்கனியில கறிவேப்பிலைத் தொட்டி இருக்கு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். 'உங்க கையால ஒரு உயிர் தழைக்கட்டும்'னு..."

"உங்க கதையில வர்ற டயலாக்கா?"

"முப்பத்திரண்டாம் அத்தியாயம்."

உள்ளிருந்து இருமலோடு அவர் குரல் வந்தது: "தினமும் எருவைக் கிளறச் சொன்னியே, அதையும் சொல்லு!"

அது நோகார்டியா என்ற மண்கிருமி. திடமானவர்களைப் பெரும்பாலும் சீண்டாது. மருந்தை மாற்றினார்கள், ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் கோமளாவின் காலில் விழப் போனேன்.

"அச்சா, போதும் அக்கா! அந்தத் தொட்டியை எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். இங்க மார்க்கெட்ல கறிவேப்பிலை வாடலாத்தான் கிடைக்குது."

அடுத்த மாதம் டாக்டர் மறுபடி கேட்டார்: "மண், தூசி, பறவை?"

"இல்லை" என்றேன்.

நர்ஸ் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள்.