ராணி வேஷத்தில் கண்டக்டர்

எழுபத்தெட்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் கழுத்தில் ஒட்டும். அரியலூரிலிருந்து விக்கிரமங்கலத்துக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். என் கணவர் அந்த வழியாக ஓடும் பஸ்ஸில் கண்டக்டர்.

எங்கள் ஊரில் முன்பு ஒரு பாட்டு நாடகம் போடுவார்களாம். யார் கண் பட்டதோ, பல வருஷமாக நின்றுபோயிருந்தது. அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு அதைத் திரும்பப் போட்டே தீருவது என்று சிலர் கிளம்பினார்கள். அதில் என் கணவர்தான் முன்னால் நின்றார். தூக்கத்தில்கூட ஏதோ முணுமுணுப்பார். என்ன வேஷம் என்று கேட்டால் மட்டும், "சின்ன வேஷந்தான்" என்று நழுவிவிடுவார்.

நாடகத்தை ஊரில் போடுவதற்கு முன்னால் விக்கிரமங்கலத்தில் ஒரு வெள்ளோட்டம் விட்டுப் பார்ப்பது வழக்கமாம். சொந்த ஊர்க்காரன் எதற்கும் கைதட்டிவிடுவான், பக்கத்து ஊர்க்காரன்தான் உள்ளதைச் சொல்வான் என்பது அவர்கள் எண்ணம். அங்கே கூட்டம் உட்கார்ந்து கேட்டால் திருவிழாவில் நாடகம் உண்டு, பாதியில் எழுந்து போய்விட்டால் கிடையாது என்று ஊர்ப் பெரியவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு இலுப்பைத் தோப்பு. வெள்ளோட்டத்துக்கு விளக்கு எதற்கு என்று பட்டப்பகலிலேயே வைத்துவிட்டார்கள். நானும் பெண்களோடு பெண்ணாகப் போய் உட்கார்ந்தேன்.

ஆர்மோனியம் வாசித்து முடிந்ததும் திரையை விலக்கிக்கொண்டு ராணி வந்தாள். நான் முதலில் பார்த்தது புடவையைத்தான். என்னுடைய மாம்பழக் கலர் பட்டு, பெட்டியைக் குடைந்து குடைந்து நான் தேடிக்கொண்டிருந்த புடவை. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். என் கணவர். ராத்திரி விளக்கில் அந்த அரிதாரம் அழகாகத்தான் இருந்திருக்கும். வெயிலில் தாடையின் பச்சையும் கை ரோமமும் அப்படியே தெரிந்தன.

கூட்டம் கொஞ்ச நேரம் முழித்தது. பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தன் விசிலடித்து, "ரைட், போலாம்" என்றான். அவ்வளவுதான், தோப்பே சிரித்தது. பாதிப் பேர் அவரிடம் டிக்கெட் வாங்குகிறவர்கள். "அரியலூர் ஒண்ணு குடுங்க ராணி", "சில்லறை இல்லாட்டி எறக்கி வுட்டுருவீங்களா?" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஒரு கருவாட்டுக்கார அம்மா. வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தாள்.

"நாறுதுன்னு எங்கூடைய ஏத்த மாட்டேன்னவன்தான் இந்தாளு. இப்பப் பாரு, சீலையக் கட்டிக்கிட்டு ஆடுறான்" என்று என் தொடையில் தட்டினாள்.

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. கோபம் அவர்மேலா, சிரித்தவர்கள் மேலா, தெரியவில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை. சிரிப்பில் பாட்டு யாருக்கும் கேட்கவில்லை, உதடு அசைவது மட்டும் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். அதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதோ, அழுகை வந்துவிட்டது.

"ஏன் ஆயி அழுவுற?" என்றாள் அந்த அம்மா.

"அது எங்க வூட்டுக்காரருங்க."

அவள் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். அதற்குள் மேடையில் ராஜா போரில் இறந்த சேதி வந்துவிட்டது. அடுத்து ராணி பொட்டை அழித்துத் தாலியைக் கழற்றுகிற கட்டம். எங்கள் சீமையில் அந்தக் கட்டம் வந்தால் சுமங்கலிகள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். என்னை அவள் யோசிக்கவே விடவில்லை. பிடரியில் கை வைத்து இழுத்து, என் முகத்தைத் தன் மடியில் அழுத்தி, முந்தானையால் தலையை மூடிவிட்டாள்.

"நீ பாக்கக் கூடாது சாமி. புருசன் அந்தக் கோலத்துல நிக்கிறத பொண்டாட்டி பாக்கவே கூடாது."

பிறகு ஆண்கள் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டாள். "டேய், வாய மூடுங்கடா. அவரு பொண்டாட்டி இங்கதான் உக்காந்திருக்கு. தாலி அறுக்குற நேரத்துல என்னடா சிரிப்பு?"

தோப்பு அடங்கியது. நாடகத்துக்காக இல்லை, எனக்காகத்தான் அடங்கியது. அந்த அமைதியில்தான் அவர் குரல் முதல்முறையாக வெளியே வந்தது. பஸ்ஸில் ஊர்ப்பெயர்களைக் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல்தான். வீட்டில் "தண்ணி குடு", "போயிட்டு வரேன்" என்பதற்குமேல் அதை நான் கேட்டதில்லை. கருவாடு மணக்கிற மடியில் முகம் புதைத்துக்கொண்டு அந்த ஒப்பாரியைக் கேட்டேன். இந்த மனிதருக்குள் இவ்வளவு துக்கம் எங்கே இருந்தது என்று திகைப்பாக இருந்தது. என்மேல் கவிந்திருந்த அந்த அம்மாவின் உடம்பு குலுங்கியது. மறுபடி சிரிக்கிறாளோ என்று நினைத்தேன். முந்தானையை நனைத்துக்கொண்டு என் கழுத்தில் ஈரம் இறங்கியது.

"முடிஞ்சிருச்சு, எந்திரி" என்று அவள் என்னை விட்டபோது, எழுந்து போன இரண்டு பேரும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு கடைசிவரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "சீலைய எடுத்ததுக்குக் கோவமா?"

"அடுத்த தடவ சொல்லிட்டு எடுத்துக்குங்க" என்றேன். அவர் முகத்தில் அரிதாரத்தையும் மீறி ஒரு சந்தோஷம் தெரிந்தது.

திருவிழாவில் நாடகம் நடந்தது. பிறகு எத்தனையோ ஊர்களிலும் நடந்தது. அந்தக் கட்டத்தை நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை, பாட்டு ஆரம்பித்ததும் நானே முகத்தை மூடிக்கொள்வேன். அவர்மேல் அந்தக் கருவாட்டுக்கார அம்மாவுக்கு அவ்வளவு எரிச்சல் இருந்தது. நான் யார் என்றே அவளுக்குத் தெரியாது. அப்படியிருந்தும், நாடகத்தின் வழியாகக்கூட எனக்குத் தாலி அறுக்கிற கதி வந்துவிடக் கூடாது என்று அவள் பதறினாள். அப்படி நான் யாருக்காவது பதறியிருக்கிறேனா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.