மூன்று கொம்பும் ஒரு வாலும்

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த முதல் ஆள் நான். மலைமேல் எங்கள் ஊருக்கு வரும் கடிதம், வனத்துறை நோட்டீஸ், மருந்துச் சீட்டு எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் படித்துச் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. பதினேழு வயதில் அப்படி ஒரு மரியாதை கிடைத்தால் யாருக்கும் கழுத்து கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்தது.

பள்ளியை விட்டு வரும்போது ஒரு நடத்தைச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் டைப் அடித்திருந்த வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பாராட்டுக்கு ஓர் ஏணி உண்டு. உச்சியில் எக்ஸலன்ட், அடுத்து வெரி குட், அதற்கும் கீழே குட். ஏணியில் ஏறாமல் தரையில் நின்றபடி அதைப் பிடித்துக்கொண்டிருப்பது சாட்டிஸ்ஃபேக்டரி. எனக்குக் கிடைத்தது அதுதான். விடுதிச் சாம்பாரில் மிதந்த புழுவை எடுத்து, பார்வையிட வந்த அதிகாரியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கான பரிசு.

வீட்டில் அப்பா, "இன்னா எழுதியிருக்காங்க?" என்று கேட்டார். அந்த நீள வார்த்தையில் விரலை வைத்து, "இவளைப் போல ஒருத்தி கிடையாதுன்னு எழுதியிருக்குது" என்றேன்.

அப்பா ஆலங்காயம் போய் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். புளி வாங்க வந்தவர், மாடு தேடி வந்தவர், தண்ணீர் கேட்டு வந்தவர் என்று ஒருவரையும் விட்டதில்லை. சரியாக அந்த வார்த்தைமேல் விரலை வைத்து, "ஒருத்தி கிடையாதாம்" என்பார்.

அந்த வருடமே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. இரண்டு வாரத்தில் போய்ச் சேர வேண்டும். அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அதற்குள் பக்கத்து மலையூரிலிருந்து பெண் கேட்டு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, இரண்டு பெரியவர்கள். மாப்பிள்ளை வீடு பிடித்துவிட்டால் அப்பா வாக்கு கொடுத்துவிடுவார். அதோடு என் பயிற்சி முடிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார்.

"படிச்ச பொண்ணுன்னு சொன்னாங்க மச்சான். அதான் நாங்களும் பேப்பரோட வந்தோம். பையன் வாணியம்பாடி பக்கம் தோல் கம்பெனியில ஒன்றரை வருஷம் வேலை செஞ்சான். வரும்போது இங்கிலீசுல எழுதிக் குடுத்தாங்க. இன்னா எழுதியிருக்குதுன்னு இன்னி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. பாப்பாவே படிக்கட்டும்."

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் காகிதத்தைப் பிரித்தேன். நான்கே வரி. கடைசி வரியில், என் வார்த்தை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உள்ளதைச் சொன்னாலே போதும்.

"ஏதோ பரவாயில்லன்னு எழுதியிருக்குது. இருக்கிறதுலயே கடைசி வார்த்தை இது. குறை சொல்லக் கூச்சப்பட்டா இப்படித்தான் எழுதுவாங்க" என்றேன்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அவருடைய அப்பா, "அவ்ளோதானா? இதைப் போயி பெட்டியில பூட்டி வெச்சிருந்தோம்" என்றார். அம்மா விருந்துக்கு ஆக்கிய சாமைச் சோற்றை வெளியே கொண்டுவருவதா வேண்டாமா என்று வாசற்படியில் நின்றாள்.

அப்பா மட்டும் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் காதில் போட்ட வெட்டைப் பார்த்தே எந்த வீட்டு ஆடு என்று சொல்லிவிடுவார். காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் என் சட்டத்தைக் கழற்றி வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மூணு கொம்பு, கடைசியில ஒரு வாலு. இதுலயும் மூணு கொம்பு, கடைசியில ஒரு வாலு. ரெண்டும் ஒண்ணுதானே?"

அப்பா கண்ணுக்குக் கொம்பாகப் பட்டவை மேலே நீட்டிக்கொண்டிருந்த டி, எஃப், டி எழுத்துகள்; வால், கீழே தொங்கிய ஒய். எனக்கு இரண்டு வழி இருந்தது. மாப்பிள்ளையையும் ஒப்பில்லாதவர் ஆக்கலாம். ஆக்கினால் அவரையே கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நான் சட்டத்திலிருந்து இறங்க வேண்டும்.

"ஒண்ணுதாம்பா" என்றேன். "எனக்கும் ஏதோ பரவாயில்லன்னுதான் எழுதியிருக்காங்க." புழு விஷயத்தையும் சொன்னேன்.

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். "நான் மேஸ்திரிகிட்ட எதிர்த்துப் பேசினேன். அதுக்குத்தான் எனக்கும்" என்றார். அவருடைய அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டும் ஒரே மந்தை. இதைவிட பொருத்தம் எங்க கிடைக்கும் மச்சான்? இன்னிக்கே வெத்தலை மாத்திக்கலாம்."

உண்மையைச் சொல்லியும் மாட்டிக்கொண்டேனே என்று எனக்கு அழுகை வந்தது. அப்பா சட்டத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இல்ல மச்சான். இந்த வார்த்தைய நான் ஊரு பூரா காட்டிட்டேன். புளி வாங்க வர்றவன் வரைக்கும் காட்டிட்டேன். இதை இப்படியே வெச்சிக்கினு பொண்ணைக் கட்டிக் குடுத்தா என் மானம் போவும். அவ ரெண்டு வருஷம் போய்ட்டு நல்ல வார்த்தையா வாங்கியாரட்டும். உம்ம பையனும் வேணும்னா வாங்கியாரட்டும். அப்பால பேசலாம்."

சாமைச் சோறு வெளியே வந்தது. சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்த மாப்பிள்ளைக்கு அடுத்த மாதமே வேறு ஊரில் கல்யாணம் ஆனது. அங்கே யாரும் பேப்பர் கேட்கவில்லையாம்.

பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடமும் என் சாம்பாரில் எது மிதந்தாலும் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன். கடைசியில் குட் வாங்கினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, முன்னாடி வாலு, பின்னாடி ஒத்தைக் கொம்பு. மீதி ரெண்டு கொம்பு எங்க போச்சு?"

"இது ஒரு படி மேலப்பா."

"நீளமும் கம்மியா இருக்குதே."

"நல்ல வார்த்தை சின்னதாத்தான் இருக்கும்."

என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பழைய சட்டத்தை எடுத்து, பின்பக்கத்து ஆணியைப் பிடுங்கினார். புதிய காகிதத்தை மேலே வைத்தவர், பழையதை வெளியே எடுக்கவில்லை. அதற்கு அடியிலேயே விட்டார்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.