ஏழு டிகிரி கூட்டவும்

உருகுநிலை பார்க்கிற வேலை முக்கால்வாசி நேரம் சும்மா நின்று பார்க்கிற வேலை; சும்மா நிற்கிறவளுக்குச் சந்தேகம் வராமல் வேறென்ன வரும்? வேதியியல் லேபில் ஒரு வருடமாவது நின்றவர்கள் யாரும் இதை மறுக்க மாட்டார்கள். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு சிட்டிகைப் பொடியை மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, அதைத் தெர்மாமீட்டரோடு நூலால் கட்டி, எண்ணெயில் முக்கி மெதுவாகச் சூடேற்ற வேண்டும். எந்த டிகிரியில் உருகுகிறதோ, அதை வைத்து இன்ன பொருள் என்று சொல்லிவிடலாம்.

நான் மலைக்குக் கீழே கன்னிவாடிக்காரி. கொடைக்கானலில் ஒரு சின்னக் கல்லூரியில், பிரசவ விடுப்பில் போன பேராசிரியைக்குப் பதிலாக வந்து சேர்ந்தேன். பிறவியிலேயே சந்தேகம் பிடித்தவள் என்று வீட்டில் எனக்குப் பெயர்.

எல்லாருக்கும் ஒரே எண்

முதல் வாரமே பென்சாயிக் அமிலம் கொடுத்தேன். புத்தகத்தில் அதன் உருகுநிலை 122 டிகிரி. வகுப்பில் இருபத்து நாலு பேர். இருபத்து நாலு பேரும் 122. ஒரு டிகிரி முன்னே பின்னே இல்லை. எனக்கே என் கல்லூரி நாட்களில் அப்படி வந்ததில்லை, இவர்களுக்கு எப்படி வரும்?

மேசை மேசையாகப் போனேன். கடைசி மேசையில் ஒரு பையன் அடுப்பே பற்றவைக்கவில்லை, எண்ணெய் ஐஸ் மாதிரி இருந்தது. நோட்டில் மட்டும் 122 என்று அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். எப்படிடா என்று கேட்டேன். கொஞ்சமும் அசராமல் சொன்னான்: "போன வருசத்து அக்கா சொன்னாங்க மேடம், இது எப்பவும் நூத்தி இருவத்திரெண்டுதானாம்."

மதுரைக் கடைக்காரர்

பிள்ளைகளைச் சந்தேகப்பட்டு முடித்ததும் தெர்மாமீட்டர் மேல் சந்தேகம் வந்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்து உள்ளே விட்டேன். நூறு காட்ட வேண்டியது 93-இல் நின்றுவிட்டது. அடுத்ததை எடுத்தேன், அதுவும் 93. பெட்டியில் இருந்த அத்தனையும் 93. மலைக்கல்லூரிதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று கழிசடைச் சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

மதுரைக் கடைக்கு அத்தனையையும் திருப்பி அனுப்பி, வேறு பெட்டி வரவழைத்தேன். அதுவும் 93. கடைக்காரரும் தெர்மாமீட்டர் செய்கிறவரும் கூட்டுக்களவாணிகள் என்று முடிவு கட்டினேன். "வெப்பநிலையைப் பார்த்தபின் ஏழு டிகிரி கூட்டவும்" என்று பெரிய எழுத்தில் எழுதி லேப் சுவரில் ஒட்டினேன். பிறகு கடைக்காரருக்குப் போன் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தேன். மனுஷர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இங்க நூறு காட்டுதுங்க மேடம், அங்க நீங்க தண்ணிய நல்லா கொதிக்க விட்டீங்களா?"

பூண்டிப் பெண்

மறுபடி அதே அமிலத்தைக் கொடுத்தேன். என் கணக்குப்படி தெர்மாமீட்டர் 115 காட்ட வேண்டும், ஏழு கூட்டினால் 122. இருபத்து மூன்று பேர் அப்படியே எழுதியிருந்தார்கள். என் சந்தேகம் பலித்ததில் எனக்கு ஒரே பெருமை. ஜோதி என்ற பெண் மட்டும், பார்த்தது 122, கூட்டியபின் 129 என்று எழுதியிருந்தாள். மேல்மலையில் இருக்கிற பூண்டியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவள், வாயே திறக்க மாட்டாள். புத்தகத்து எண்ணைத் திருடி அதோடு ஏழைக் கூட்டியிருக்கிறாள் என்று நினைத்தேன்.

திரும்பச் செய்யச் சொன்னேன். திரும்பவும் 122. பக்கத்தில் நின்று நானே பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது இல்லாமல் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விட மாட்டார்கள், அவளுக்கு ஒரு வருடம் போய்விடும். அவள் கண் கலங்கியது, ஆனால் குரல் இறங்கவில்லை. "நான் பாத்ததத்தான் எழுதுனேன் மேடம். கூட்டச் சொன்னது நீங்க."

ஒரு மூட்டை பூண்டு

நாலு நாள் கழித்து வெள்ளனே அவள் அப்பா வந்து நின்றார், தோளில் ஒரு மூட்டை. தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மூட்டையைக் கீழே வைத்ததுமே பூண்டு வாசனை தூக்கியது. ஓகோ, கையெழுத்துக்கு மலைப்பூண்டா என்று எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. இதையெல்லாம் என்னிடம் வைத்துக்கொள்ளாதீர்கள், முதலில் மூட்டையை எடுங்கள் என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டார். "இது ஹாஸ்டலுக்குங்க, மாசாமாசம் குடுக்கிறது. எம்பிள்ளை பொய் எழுதாதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ஆரோக்கியம் அக்கா

அன்று மத்தியானம் பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. லேபில் கண்ணாடி கழுவுகிற ஆரோக்கியம் அக்கா இந்த மலையிலேயே பக்கத்துச் செண்பகனூர்க்காரர், நான் மறுபடி தண்ணீரைக் கொதிக்கவைத்து முறைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என்ன சோலி என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அக்கா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"கீழேருந்து வர்றவங்க முத வருசம் இப்படித்தான் மேடம். இங்க தண்ணி வெரசா கொதிச்சிரும், பருப்பு வேகாது. அதுக்காகப் பருப்புக் கடைக்காரர்கிட்டயா சண்டைக்குப் போறோம்?"

உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இதை நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். உருகுவதற்கும் மலைக்கும் சம்பந்தமே இல்லை. தெர்மாமீட்டர் ஒன்றிலும் குற்றமில்லை. அப்படியானால் அந்த 115-ஐ யாருமே பார்த்திருக்க முடியாது. புத்தகத்து 122-இலிருந்து ஏழைக் கழித்து எழுதியிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டது இருபத்து மூன்று பொய்களுக்கு. போடாமல் வைத்திருந்தது ஒரே ஒரு உண்மைக்கு.

கையெழுத்து

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் சுவரிலிருந்த தாளைக் கிழித்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். இருபத்து மூன்று நோட்டிலும் போட்ட கையெழுத்தை அடித்து, மறுபடி செய்யச் சொன்னேன். அந்தக் கடைசி மேசைப் பையன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, "உங்க ஏழுக்காகத்தான மேடம் நாங்க கஷ்டப்பட்டுக் கழிச்சோம்" என்றான்.

ஜோதியின் நோட்டில் 129-ஐ அடித்துவிட்டு, 122-க்கு நேராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மன்னிச்சுக்கோம்மா என்றேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நோட்டை வாங்கி, என் கையெழுத்தை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்ப என்னிடமே நீட்டினாள். "தேதியும் போட்டிருங்க மேடம். நாளைக்கு நீங்க ஏழு கழிக்கச் சொன்னா நான் எங்க போவேன்?"

இப்போதும் நான் எல்லார்மேலும் சந்தேகப்படுகிறவள்தான், என்னிடமிருந்து ஆரம்பிப்பதால் மற்றவர்கள் வரைக்கும் போக நேரம் கிடைப்பதில்லை.