கடைமடைக்காரனின் இன்டர்பிரட்டர்

நெடுமாறனுக்குச் சொந்த ஊர் தலைஞாயிறுக்குக் கிழக்கே, வாய்க்கால் வந்து முடிகிற கடைமடை. அவன் கல்லூரியில் சேர்ந்த வருஷம் தண்ணீர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா ரெத்தினம் கருகிப்போன சம்பாவில் மாட்டை அவிழ்த்து மேயவிட்டு, வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நாகப்பட்டினம் பக்கம் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் அவன் கணினி ஆசிரியன். லீவு நாளையெல்லாம் தின்று அவன் எழுதிய இன்டர்பிரட்டருக்கு, அதாவது கொடுத்த கணக்கை வரிவரியாகப் படித்துச் செய்யும் புரோகிராமுக்கு, ‘மடை’ என்று பெயர். எண் தெரியாத இடத்தில் எழுத்தை வைத்தே கணக்கைத் தீர்த்துக் கொடுக்கும். மனைவி எழில்மொழி அதை “உங்க சின்ன வீடு” என்பாள். பாதி கேலி, பாதி வயிற்றெரிச்சல். குடும்பத்தைத் தனியாக இழுத்தவள் அவள்தானே!

கல்லூரி வெளிநாட்டு மென்பொருள் ஒன்றை வாங்க இருந்தது. மடை போதும் என்று நெடுமாறன் மல்லுக்கு நின்றான். முதல்வர் பஞ்சநதம் ஒருவழியாக இறங்கி வந்தார்.

“ரெண்டையும் ஒண்ணா ஓடவிடுங்க. உங்களுது ஜெயிச்சா லேப்ல அதான். தோத்தா இந்தப் பேச்சே இருக்கக் கூடாது.”

கணக்குகளை நெடுமாறனே தேர்ந்தெடுத்தான். ஆசைக்கு வாய்க்கால் கணக்கு ஒன்றையும் சேர்த்தான்: கடைசி வயலில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கும்? மடை எல்லாவற்றிலும் வேகத்தில் முந்தியது.

“வெள்ளைக்காரனை மண்ணைக் கவ்வ வச்சிட்டீங்களே சார்!” பஞ்சநதம் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாவி மனுஷன் நெடுமாறன், அந்தக் கொஞ்ச நேரம்தான் சந்தோஷமாக இருந்தான்.

எல்லோரும் டீ குடிக்கப் போனபிறகு விடைகளை ஒப்பிட்டான். வாய்க்கால் கணக்குக்கு வெளிநாட்டு மென்பொருள் இரண்டு விடை சொல்லியிருந்தது. ஒன்று, தண்ணீர் நிற்கும் உயரம். மற்றது பூஜ்யம், தண்ணீரே வராது. மடையின் விடையில் பூஜ்யம் இல்லை. காரணம், வேகத்துக்காக அவனே போட்ட குறுக்குவழி: சமன்பாட்டின் இரண்டு பக்கமும் ஒரே எழுத்து வந்தால் அடித்துவிடு. அந்த எழுத்தே பூஜ்யமாக இருந்தால் என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவில்லை. சரிபார்க்கும் வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினான். மடை ஊர்ந்தது.

வீட்டுக்குப் போன் போட்டான்.

“யாரும் பாக்கலைல்ல? பேசாம இருங்க” என்றாள் எழில்மொழி. அவனால் இருக்க முடியவில்லை. முதல்வரிடம் போய்ச் சொன்னான்.

பஞ்சநதம் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப மத்த விடையெல்லாம் எப்படி சார் நம்புறது?”

சாயங்காலத்துக்குள் லேப் கணினிகளிலிருந்து மடையை அழிக்கச் சொன்னார்கள். அழித்தவனும் நெடுமாறன்தான்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அப்பா போனில் கூப்பிட்டார். “உன் புரோகிராமு ஜெயிச்சுதாய்யா?”

“இல்லப்பா.”

“ஏன்?”

“கடைசி வயலுக்குத் தண்ணி வராமயும் போவும்னு அதுக்குத் தெரியலப்பா.”



“உனக்குத் தெரியுமேய்யா” என்றார் ரெத்தினம்.