பழப்புளியும் இரண்டு முன்பற்களும்

பழப்புளியில் தோய்த்த தேங்காய்த் தும்பைக் கொண்டு பித்தளையைத் தேய்க்கும்போது, புளிப்பும் களிம்பும் அடுப்புச் சாம்பலும் கலந்த ஒரு வாசம் எழும். கடற்கரைக் கிராமமான சல்லியில் முத்துமாரியம்மன் கோயில் பொங்கலுக்கு முந்தின வாரம் எல்லாக் கிணற்றடிகளிலும் அந்த வாசம்தான். காய்கிற கருவாட்டின் நாற்றத்தைக்கூட அது கொஞ்ச நேரம் அடக்கிவிடும். என் அம்மாவின் தங்கையான சின்னம்மா, கறுத்துப்போன குத்துவிளக்கை மடியில் கிடத்திப் புளி பூசித் தேய்ப்பார். ஒரு வாளி தண்ணீர் ஊற்றியதும் விளக்கு பளபளவென்று வெளியே வரும். எட்டு வயதில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். அந்த யோசனையை நினைத்தால் அந்தச் சிறுமியின் தலையில் ஒரு குட்டுப் போடத்தான் தோன்றுகிறது.

நான் சல்லியில் பிறந்தவள் அல்ல. உள்நாட்டில், குளக்கட்டுக்குக் கீழே ஒரு வயற்கிராமத்தில், கருங்கல்லை உடைத்து வெட்டிய கிணறு இருந்த வளவில் பிறந்தேன். அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். எனக்கு ஆறு வயதானபோது அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போனார். என்னைச் சின்னம்மாவிடம் விட்டார். பஸ் நிலையத்தில் என் கன்னத்தைப் பிடித்து, ஆடிக்கொண்டிருந்த பாற்பல்லைத் தொட்டுப் பார்த்து, "முன்பல்லு முளைச்ச உடன ஒரு படம் எடுத்து அனுப்பு பிள்ளை. சிரிச்சுக்கொண்டு நிக்கோணும், என்ன?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். அழ மறந்துபோனது இன்றும் எனக்கு வியப்பு.

பற்கள் முளைத்தன. முளைக்கும்போதே சுண்ணாம்பு தெறித்தது போல வெள்ளைத் திட்டுகள்; பிறகு மெல்ல மெல்லத் திட்டுகள் பழுப்பேறி, இரண்டு முன்பற்களிலும் குறுக்கே கோடுகளாக நின்றன. சல்லியில் எல்லாரும் மணற்கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். அவர்கள் சிரித்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். வகுப்பில் எனக்கு "வெத்திலைப் பல்லு" என்று பெயர் விழுந்தது. நான் வாயை மூடப் பழகினேன். வாயை மூடியவளோடு யார் விளையாடுவார்கள்? இடைவேளைகளில் நான் மதிலோரம் தனியாகவே இருந்தேன். அம்மா இருந்தவரை வெள்ளையாக இருந்த பல், அம்மா போனபின் இப்படி வந்தது. ஆகவே அம்மா போனதால்தான் இப்படி வந்தது. அந்த வயதின் கணக்கு அவ்வளவுதான். அதை அம்மாவிடம் சொன்னால் அவரைக் குற்றம் சொல்வதாகிவிடும் என்று எவரிடமும் சொல்லவில்லை.

படம் அனுப்பினோம், உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிற படம். அம்மாவின் கடிதம் வந்தது. சின்னம்மா உரத்து வாசித்தார்: "ஏன் பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிக்கிறாய்? அம்மாவில கோபமோ?"

அதற்குப் பிறகுதான் அந்தப் பொங்கலும் அந்தக் குத்துவிளக்கும். விளக்கின் கறுப்பை எடுக்கிற புளி என் பல்லின் பழுப்பை எடுக்காதா? அன்று முதல் ஒவ்வொரு காலையும் குசினியில் ஒரு நெல்லிக்காயளவு பழப்புளியைக் கிள்ளிக்கொண்டு கிணற்றின் பின்பக்கம் போவேன். உப்புச் சேர்த்து விரலால் தேய்ப்பேன். கண்ணாடித் துண்டில் பார்ப்பேன், மீண்டும் தேய்ப்பேன். புளி குறைவதைக் கண்ட சின்னம்மா, "பிள்ளைத்தாச்சி மாதிரிப் புளி தின்னுறாளே இவள்" என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிச் சிரித்தார். அடுத்த படத்துக்குள் பல் வெளுத்துவிட வேண்டும், அம்மாவுக்கு நான் கோபமில்லை என்று தெரிந்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

கறை போகவில்லை. பல்லின் மினுக்கம்தான் போயிற்று. நாக்கால் தடவினால் சிலேட்டுக் கல்லைத் தடவுவது போலிருந்தது. ஒருநாள் சின்னம்மா வாங்கித் தந்த ஐஸ்பழத்தைக் கடித்ததும் உச்சிவரை கூசி, மண்ணில் எறிந்துவிட்டு அழுதேன். அவர் என் வாயைத் திறந்து பார்த்து, புளி தேய்த்த கதையைக் கேட்டறிந்தார். மறுநாளே டவுனுக்குக் கூட்டிப்போனார்.

பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கிற நேர்ஸ் ஒருவர் விளக்கை என் வாய்க்குள் பிடித்தார். "இது ஊத்தை இல்லை அம்மா, பல்லுக்குள்ள இருக்கிறது. சின்னனில குடிச்ச தண்ணியால வந்தது. தேய்ச்சால் போகாது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "புளி நல்ல பல்லையெல்லோ கரைக்குது. இனித் தொடக்கூடாது, சரியோ?" என்றார். திரும்பும் வழி முழுக்கச் சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எந்தத் தண்ணீர், எந்த வயது என்று எனக்குப் புரியவில்லை; இரண்டாவது படமும் மூடிய வாயோடுதான் போனது. அதற்குப் பிறகும் அப்படியே.

ஒன்பது வருடத்துக்குப் பிறகு அம்மா வந்தார். சவர்க்கார வாசம் அடிக்கிற பெட்டியும், எனக்குப் பழக்கமில்லாத ஒரு முகமுமாக வந்தார். "இன்னும் கோபமோ பிள்ளை?" என்று ஒரே ஒரு முறைதான் கேட்டார். "இல்லையம்மா" என்றேன், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. வாயைப் பொத்திக்கொண்டு சொல்கிற பதிலை எவர் நம்புவார்? அவர் மீண்டும் போனார். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது நோயோடு திரும்பி வந்து, மூன்று மாதத்தில் இறந்துபோனார்.

அடுத்த வருடம்தான் அந்தப் பாடம் வந்தது. பல்லின் எனாமல் கல்சியமும் பொசுபேற்றும் ஐதரொட்சைட்டும் அடுக்கிய பளிங்கு. அமிலம் பட்டால் அதன் ஐதரசன் அயன்கள் ஐதரொட்சைட்டைத் தண்ணீராக்கி இழுத்துப்போகும், பொசுபேற்றையும் பிடுங்கும். பிடி விட்ட கல்சியம் கரைந்து வெளியேறும். கிணற்றுத் தண்ணீரில் புளோரைட்டு இருந்தால், ஐதரொட்சைட்டின் கதிரையில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். அளவாக இருந்தால் பல் அமிலத்துக்கு எளிதில் கரையாது, மிஞ்சினால் பல் உருவாகும்போதே பழுதாகித் திட்டு விழும். முன்பற்கள் முளைப்பது ஆறேழு வயதில் என்றாலும், அவற்றின் எனாமல் முரசுக்குள், அதாவது ஈறுக்கு அடியில், உருவாவது முதல் நாலைந்து வயதில். விரிவுரையாளர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். நான் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். முதல் ஐந்து வருடம் என்றால், அம்மா என்னோடு இருந்த வருடங்கள். அந்தக் கருங்கல் கிணற்றில் அம்மா அள்ளி, கொதிக்க வைத்து, ஆற்றி, எனக்குப் பருக்கிய தண்ணீர். அம்மா போனதால் வந்த கறை அல்ல அது. அம்மா இருந்ததால் வந்தது. அதைத்தான் நான் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு வருடம் முந்திப் படித்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன், வாயைத் திறந்து காட்டியிருப்பேன். இந்த ஏக்கம் எனக்குத் தீரவேயில்லை.

நான் பிறந்த ஊருக்கு இப்போது குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது, அங்கே பிள்ளைகளின் பற்கள் வெள்ளையாக முளைக்கின்றன, நல்லதுதான். கிணற்றை மூடி மேலே ஒரு கடை கட்டிவிட்டார்கள். டவுனில் ஒரு பல் வைத்தியர், ஒரே இருப்பில் கோடுகள் தெரியாமல் வெள்ளை பூசிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

போன மாதம் புதிய அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனேன். கமராவுக்கு முன்னால் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். படம் எடுப்பவர், "பல்லுத் தெரியக்கூடாது மிஸ், வாயை மூடுங்கோ" என்றார். மூடினேன். எடுத்து முடிந்ததும், வாயைத் திறந்து இன்னொன்று எடுங்கள் என்று கேட்டேன். இரண்டு பற்களும் கோடுகளோடு திரையில் தெரிந்தன.

"இதை வட்ஸ்அப்பில போட்டுவிடட்டோ, மிஸ்? ஆருக்கு அனுப்ப?"

"அம்மாவுக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

"அம்மா வெளிநாட்டிலயோ?"

ஓம் என்றேன்.