தூம்பாவில் காயாம்பூ

இன்று பெரிய வெள்ளி. ஏலாக்குறிச்சிக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊர்க் கோயிலில், இறந்த ஆண்டவரைக் கிடத்தும் தூம்பாவைச் சுற்றி ஊதா நிறப் பிளாஸ்டிக் பூக்களைக் கட்டியிருந்தார்கள். குனிந்து பாதத்தை முத்தமிட்டபோது சென்ட் வாசம்தான் மூக்கில் ஏறியது.

நான் சிறுமியாக இருந்தபோது அங்கே காயாம்பூ இருக்கும். தவக்காலம் முற்றி வெயில் ஏறும் நாட்களில், ஊருக்குத் தெற்கே இருந்த காட்டில், இலைக்குக் கீழே கொம்பை ஒட்டிக் கடுகு அப்பியதுபோல் நீலமாய்ப் பூத்திருக்கும் அதைக் கிள்ளினால் கையில் தூள்தான் வரும் என்பதால், கொம்போடு ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, வாயைத் திறக்காமல் நடந்து வருவோம். பேசினால் உதிரும் என்று சித்தி சொல்லியிருந்தாள். எப்படிக் கொண்டுவந்தாலும் சாயங்காலத்துக்குள் பாதி உதிர்ந்து ஆண்டவரின் காலடியில் நீலப்பொடியாய்க் கிடக்கும், அதை ஈஸ்டர் வரை யாரும் பெருக்க மாட்டார்கள்.

வழிபாடு முடிந்து வெளியே வந்ததும் சித்தியிடம் கேட்டேன், ஒரு கொம்புகூடவா கிடைக்கவில்லை என்று.

"கோயில் பக்கத்துல ரெண்டு கன்னு வச்சுப் பாத்தோம், புடிக்கலடி. காடுதான் மொத்தமா சிமெண்டுக்குப் போயிடுச்சே" என்றாள்.

நம்பாமல் என் மகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே நடந்தேன். பாதை கம்பிவேலியில் முடிந்தது. அதற்கப்பால், சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துவிட்டுப் போன பள்ளம், அடியில் தேங்கிய தண்ணீர்.

"எவ்ளோ நீலமா இருக்கும்மா" என்று மகள் போனை எடுத்தாள்.