தோள் மாறிய பொன்னாடை

எங்கள் வட்டாரச் சுகாதார நிலையத்தின் மேலிடத்தில் எல்லாரும் வெள்ளையர்தான் என்று வருடக்கணக்காய்ச் சத்தம் போட்டவள் நான். நிர்வாகக் குழுவில் தமிழருக்கும் ஓரிடம் தருவது பற்றிப் பேச, நிலையத்தின் புதுத் தலைவி எங்கள் செவன் ஹில்ஸ் தமிழ் முதியோர் சங்கத்துக்கு வந்தார். பொன்னாடை போர்த்தும் பெருமை எனக்கு. காரிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். நான் நேரே போய் வெள்ளைக்காரிக்குப் போர்த்தினேன்.

"ஐயோ அம்மா, அவ உதவிக்கு வந்தவ. மற்றவதான் தலைவி!" என்றாள் மகள்.

மற்றவர் சூடான்காரி, நெடிய உருவம், என்னைவிடக் கறுப்பு. யாரோடு பேசினாலும் கையைப் பிடித்துக்கொண்டே பேசுவார். வெள்ளைக்காரியின் தோளிலிருந்து பொன்னாடையைக் கழற்றப் போன என் கையையும் பிடித்து, சிரித்தபடி இங்கிலிஷில் ஏதோ சொன்னார். மகள் தமிழில் சொன்னாள்:

"விடச் சொல்லுறா அம்மா. உதவிக்கு வந்த அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் இப்படி மரியாதை செய்ததில்லையாம்."

பிறகு, குழுவில் அந்த இடத்துக்கு என்னையே வரச் சொன்னார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எந்த முகத்தோடு போய் அவர் பக்கத்தில் இருப்பேன்?